அரைப்பேர்

கட்டிய மனைவியின் நம்பிக்கைக்கு மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் என்று விலை வைத்திருந்தது கோத்தகிரி மறுவாழ்வு இல்லம். பி.எஃப். தனி. பேரத்துக்கு இடமில்லை, படிவமாகவே அச்சடித்துவிட்டார்கள்.

அந்தப் படிவம்தான் போன வாரம் ஜீவாவின் சட்டைப் பையில் நான்காக மடிந்து அரவேணுவில் பஸ்ஸை விட்டு இறங்கியது. இப்போது அடுப்படியில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. மூன்று நாளாகக் கிடக்கிறது. டீ போடும்போதெல்லாம் சுமலதா டப்பாவைத் தூக்குகிறாள், சர்க்கரை எடுக்கிறாள், மறுபடி படிவத்தின் மேலேயே வைக்கிறாள். பேனா மட்டும் எடுக்கவில்லை.

ஜீவா ஒரு காலத்தில் தேயிலை ஃபேக்டரி லாரி ஓட்டியவன். குடித்துவிட்டு, ஏற்றிய பச்சை இலையோடு லாரியைப் பள்ளத்தில் சாய்த்தவன். மறுவாழ்வு இல்லத்தில் நோயாளியாகச் சேர்ந்து, தேறி, வேறு வேலை கிடைக்காமல் அங்கேயே கக்கூஸ் கழுவும் வேலையில் ஒட்டிக்கொண்டான். புதிதாக வருகிறவர்களுக்குக் கை கால் உதறும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள இவனைப் போல ஆள் இல்லை என்று கண்டுகொண்ட இல்லத்துத் தலைவி வாசுகி, தபால் வழியில் சமூகப்பணி படிக்க வைத்தார். முப்பத்தெட்டு வயதில் பட்டம். ஏழாயிரம் ரூபாய் உதவித்தொகைக்கு எஸ்டேட் ஆட்களின் லைன் வீடுகளில் அலைந்து, குடிக்கிறவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற வேலை.

இப்போது பதினெட்டாயிரம் சம்பளத்தில் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள். குடித்துத் திருந்தியவர்களுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. இரண்டு வருஷமாவது இடைவிடாமல் ஒரு சொட்டும் தொட்டிருக்கக் கூடாது. அதற்கு வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

‘கடைசியாக மது அருந்திய நாள்’ என்ற இடத்தில் ஜீவா தானே எழுதிவிட்டான். நான்கு வருஷம் மூன்று மாதத்துக்கு முந்தைய ஓர் ஆகஸ்ட் தேதி. லாரி கவிழ்ந்த நாள்.

“இன்னிக்குக் கடைசி நாளு சுமா. வாசுகி மேடம் நாளைக்குக் காலையில கோயமுத்தூர்ல கமிட்டிக்குக் கொண்டு போறாங்க.”

சுமலதா முக்காட்டுத் துண்டை இறுக்கிக் கட்டினாள். வெளியே மூடுபனி வாசல் வரை வந்து நின்றது.

“தேதி தப்பா இருக்குங்க.”

“என்ன தேதி?”

“தெனம் நூறு பேருக்குத் தேதி போட்டு எழுதறவ நானு. எனக்குத் தெரியாதா?”

ஜீவா டம்ளரைக் கீழே வைத்தான். டீ ஆறிப்போயிருந்தது.

கட்டிலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அவனுடைய அம்மா தெய்வம்மா நிமிர்ந்தாள். முப்பத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்த முழங்கால்.

“என்னாடி தப்பு? நாலு வருசமா பயலு பச்சத் தண்ணியத் தவிர எதையும் தொடல. ஊருக்கே தெரியும். ஒரு கையெழுத்துக்கு இம்புட்டுக் கிராக்கியா? போட்டுத் தொலையேன்.”

“போட்டுப் போட்டுத்தான் அத்தை கை வலிக்குது. இவருக்காக லீவு லெட்டர்ல காய்ச்சல்னு எழுதி எழுதி, இவருக்கு வராத காய்ச்சலே இல்ல. குழுக் கடனுக்குப் பொய்க் கையெழுத்து. போலீஸ் ஸ்டேஷன்ல பொய்க் கையெழுத்து. திருந்தின பொறவும் ஒண்ணு போடணுமா?”

சத்தம் போடவில்லை அவள். சத்தம் போடத் தெம்பு வேண்டும். டிபன் டப்பாவைக் கட்டி அவன் பையில் வைத்து, பையின் வாயை மூடினாள். பெரட்டுக்கு மணியடித்தது. போய்விட்டாள்.

காலையில் ஆட்களைக் கூப்பிட்டு எண்ணி மலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. ஆனால் எண்ணியதாலேயே சம்பளம் விழுந்துவிடாது. சாயங்காலம் இலையை எடை போட்ட பிறகுதான் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவில் பேர். குறித்த எடை பறித்தவளுக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். வராதவளுக்குப் பேர் வெட்டு. சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு கட்டிக்கொண்டு வந்த வழக்கம் அது. அந்தப் பேரை எழுதுகிற கைதான் சுமலதாவுடையது. அந்தக் கையை ஏமாற்றி ஒரு கிலோ வாங்கியவள் இதுவரை இல்லை.

“விடுடா. சாயங்காலம் நான் சொல்லிப் போட வைக்கிறேன்” என்றாள் தெய்வம்மா. சொன்னவள் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. தைலப் பாட்டிலின் மூடியைத் தேடினாள். மூடி அவள் கையிலேயே இருந்தது.

படிவத்தை எடுத்துக்கொண்டு ஜீவா ரோட்டுக்கு ஏறினான்.

*

தேதி தப்புதான்.

போன மார்கழியில் அப்பா தங்கையாவின் பதினாறாம் நாள். குடித்தே செத்த மனுஷன். அவருக்குப் பிடித்ததெல்லாம் படையலில் இருந்தது. கறிக்குழம்பு, வெற்றிலை, பீடிக்கட்டு, ஒரு குவாட்டர் பிராந்தி. கண்ணில் பட்டதும் ஜீவா வெளியே போய் நின்றான். கூப்பிட்டார்கள். மூத்த மகன் படையலைத் தொட்டு வாயில் வைத்தால்தான் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்றார்கள். தெய்வம்மாவே டம்ளரில் ஒரு விரக்கடை ஊற்றி நீட்டினாள். “சாமிக்கு வச்சது ராசா. இது குடியில சேராது.”

சேராதுதான். ஆனால் நாக்குக்குச் சாமியும் தெரியாது, சாஸ்திரமும் தெரியாது. பந்தி நடக்கும்போது பாட்டில் படத்துக்கு முன்னால் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடி மறைவில் ஜீவாவின் கையில் இருந்தது. பாதி உள்ளே போயிற்று. அதற்கப்புறம் என்னவோ, மீதியைச் செடி வேரில் கவிழ்த்துவிட்டு, வாய் கொப்பளித்து, பந்தி பரிமாறப் போனான்.

யாரும் பார்க்கவில்லை என்று பதினோரு மாதமாக நம்பினான். இன்று காலை வரை.

அரவேணு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் வந்தது. மாரியாயி. பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில் பாய்லருக்கு விறகு போடுகிற செல்லையாவின் மனைவி.

“தம்பி, அவரு ராத்திரி ஊட்டுக்கு வரல. ஃபேக்டரிக்கும் போகலையாம். பழைய பஸ் ஷெட்டுல உக்காந்திருக்காராம். நீ போயி பாரு சாமி. நான் போனா கல்லெடுத்து அடிச்சிருவேன்.”

“அடிக்காதீங்க அக்கா. நான் போறேன்.”

“அடிக்கறதுக்கும் அலுப்பா இருக்கு” என்று சொல்லி அவளே போனை வைத்தாள்.

செல்லையாவுக்கு இன்று எண்பத்தெட்டாம் நாள். தொண்ணூறாம் நாள் இல்லத்தில் எல்லார் முன்னாலும் ஒரு மஞ்சள் டவல் போர்த்துவார்கள். டவல் வாங்கியாகிவிட்டது.

கோத்தகிரி பஸ் வந்து, ஜீவாவை ஏற்றாமல் போயிற்று.

*

பழைய ஷெட்டில் ஆடு ஒன்றும் செல்லையாவும் ஆளுக்கொரு மூலையில் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். செல்லையாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மடியில் ஒரு பாட்டில், பாதி நிறைந்தது.

“வாங்க ஆபீசரு” என்றார். “டவலு கொண்டாந்தியா? இந்த ஆட்டுக்குப் போத்து. அது இன்னும் குடிக்கல.”

ஜீவா பக்கத்தில் உட்கார்ந்தான். “என்ன ஆச்சு அண்ணே? ஊட்டுல சண்டையா?”

“இல்ல.”

“ஃபேக்டரில யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. நேத்து நல்ல நாளுதான். சும்மா வாங்குனேன். விடிஞ்ச பொறவுதான் தொறந்தேன். அலுப்பு தம்பி. எம்பத்தேழு நாளா எந்நேரமும் இத ஒரு கையால தள்ளிக்கிட்டே நிக்கிறேன். கை அசந்து போச்சு.”

மறுபதில் பாடப்புத்தகத்தில் இருந்தது. மூன்றாம் பருவம், ஐந்தாம் பாடம். “சறுக்கல் வேற, தோல்வி வேற அண்ணே. சறுக்கல் என்கிறது மீட்சியில ஒரு…”

“படிச்சத ஒப்பிக்காத. நான் ஒரு கணக்குக் கேக்கறேன், பதிலு சொல்லு. நான் ஒரு மொடக்கு குடிச்சாலும் உங்க நோட்டுல எனக்கு முட்டை. ஒரு பாட்டில் குடிச்சாலும் முட்டை. மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும். அப்ப மிச்சத்த எதுக்கு வைக்கணும்? காசு குடுத்து வாங்குனது.”

எந்தச் சந்தையிலும் செல்லுபடியாகிற நியாயம்.

“உனக்கு இது தெரியாது தம்பி. நீ சாமி. நாலு வருசமா ஒரு சொட்டுத் தொடாத ஆளு. அங்க செவுத்துல உன் படத்த மாட்டி, கீழ எழுதி வச்சிருக்காங்களே. அதப் பாத்தாலே எனக்குப் பாதி பயம். இந்த மனுசன் மாதிரி எனக்கு ஆகாதுன்னு.”

செல்லையா பாட்டிலைத் திறந்தார். மூடி உருண்டு ஆட்டின் பக்கம் போயிற்று.

பிடுங்கக் கூடாது. அது பாடத்திலும் உண்டு, அனுபவத்திலும் உண்டு. பிடுங்கினால் இன்னொன்று வாங்குவார்கள். வேறு எதுவும் தோன்றாமல் ஜீவா, “வெறும் வயித்துல வேண்டாம்ண்ணே. ரெண்டு வாய் சாப்பிடுங்க” என்று பையைத் திறந்தான்.

டிபன் டப்பாவுக்கு அடியில் ஒரு நோட்டு.

இலை எடை எழுதுகிற நீள நோட்டு. எஸ்டேட்டில் பழசாகி ஒதுக்கியது. அட்டையில் சுமலதாவின் கையெழுத்தில் ‘ஜீவா’ என்று மட்டும் இருந்தது. உள்ளே மாதத்துக்கு ஒரு பக்கம். தேதிக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு ஒரு கோடு. நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்டிலிருந்து, ஒரு நாள் விடாமல், சில நாள் நீல மை, சில நாள் பென்சில், ஒரு வாரம் முழுக்கக் கண் மை. பேனா கிடைக்காத வாரமாக இருக்கும்.

போன மார்கழிப் பக்கத்தைத் தேடினான். அப்பாவின் பதினாறாம் நாள். அந்தக் கட்டத்தில் கோடு இல்லை. ‘½’ என்று இருந்தது.

மறுநாள் கட்டத்தில் கோடு. அதற்கு மறுநாளும் கோடு.

செல்லையா எட்டிப் பார்த்தார். இட்லியை மென்றுகொண்டே, எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதிலென்ன சந்தேகம் என்பதைப் போலச் சொன்னார்.

“அரைப்பேரு. யாருக்குப் போட்டிருக்கு?”

“எனக்கு.”

“உனக்கா? என்னா வேலைக்கு?”

ஜீவா சொன்னான். படையல், டம்ளர், செடி மறைவு, பாதி பாட்டில். யாரிடமும் சொல்லாததை, இல்லத்தில் வாரா வாரம் நாற்பது பேரைச் சுற்றி உட்கார வைத்து உண்மையைப் பேசுங்கள் என்று சொல்கிறவன் ஒரு நாளும் சொல்லாததை, ஆடு ஒன்று பாட்டில் மூடியை முகர்ந்துகொண்டிருக்கும்போது சொன்னான். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

செல்லையா இட்லியை விழுங்கினார்.

“உன் பொண்டாட்டி பாத்திருக்கா” என்றார். “பாத்துட்டு, பேரை வெட்டல பாரு.”

“ம்.”

“அரைப்பேரு விழுந்தா ஆளு செக்ரோல்ல இருக்கான்னு அர்த்தம். எடை கம்மி, அம்புட்டுத்தான். நாளைக்கு வந்து பறிச்சா முழுப்பேரு. எங்கம்மா எத்தன அரைப்பேரு வாங்கியிருக்கும் தெரியுமா? அதுக்காக ஒருத்தனும் அதப் பறிக்கத் தெரியாதவன்னு சொன்னதில்ல.” பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “பாதிதான் போயிருக்கு. கொஞ்சம் கூடவே இருக்குமோ?”

“பாதிதான்ண்ணே.”

“இத ஊத்திட்டா எனக்கும் அரை போடுவாங்களா?”

“கேட்டுப் பாக்கலாம்.”

“கேக்கற வெலைய மொதல்லயே பேசிக்கணும் தம்பி. ஊத்தின பொறவு முட்டைன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

ஷெட்டுக்கு வெளியே மழை. செல்லையா பாட்டிலை நீட்டிக் கவிழ்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கவிழ்த்தார்.

*

இல்லத்தில் வாசுகி மேடத்தின் மேஜையில் மூன்று பைல், இரண்டு போன், ஒரு தலைவலித் தைலம். கோயமுத்தூர்க்காரர். பன்னிரண்டு வருஷமாக மலை ஏறி இறங்குகிறார். இருபது படுக்கைக்கு முப்பத்திரண்டு பேர். ஆலோசனை சொல்ல இருந்த இரண்டு பேரில் ஒருவர் போன மாதம் துபாய் போய்விட்டார்.

“வாங்க செல்லையா. நடந்தது நடந்து போச்சுங்க. இன்னிக்கு மொத நாளுன்னு வெச்சுக்கலாம்” என்று நோட்டைத் திறந்தார்.

“மொத நாளெல்லாம் இல்லீங்க மேடம். எம்பத்தேழும் அரையும். பேசித்தான் வந்திருக்கு.”

“அரையா? அப்படியெல்லாம் இங்க எழுதறதில்லீங்களே.”

“ஜீவாத் தம்பிக்கு மட்டும் எழுதலாமா? அவங்க ஊட்டுல போன மார்கழிக்கு…”

செல்லையா நிறுத்திக்கொண்டார். நிறுத்தும்போது கடை திறந்துவிட்டது. சரக்கு வெளியே வந்துவிட்டது. குடித்த வாய்க்கு இந்த ஒரு நேர்மை உண்டு.

அவரை உள்ளே படுக்க அனுப்பிவிட்டு வாசுகி கதவைச் சாத்தினார். ஜீவா நின்றான். சுவரில் அவனுடைய படமும் நின்றது. கீழே ‘நான்கு ஆண்டுகள், ஒரு சொட்டும் இல்லை.’

“நெசமுங்களா?”

“நெசம் மேடம்.”

வாசுகி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“ஏனுங்க ஜீவா, எனக்கு ஒரு காது கொஞ்ச நாளா மந்தமுங்க. செல்லையா என்ன சொன்னார்னு எனக்குக் கேக்கலை. நீங்க சொன்னதும் கேக்கலை. இங்க எனக்கு ஆளில்லை. பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லலீங்க. கையெழுத்தோட ஃபாரம் வந்தாப் போதும்.” குரல் கடைசியில் கொஞ்சம் தேய்ந்தது. “உள்ளபடி எழுதினா கமிட்டி தள்ளிப்போடும். அடுத்த கமிட்டி எப்பன்னு எனக்கே தெரியாது. வேற ஆளைப் போட்டுருவாங்க. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அரவேணு வழியாத்தான் எறங்கறேன். ரோட்டுல நில்லுங்க.”

ஜீவா படத்தைப் பார்த்தான்.

“இத எடுத்துரலாமா மேடம்?”

“நாளைக்குப் பேசிக்கலாமுங்க” என்றார் வாசுகி. அதற்குள் போன் அடித்தது.

*

ஐந்தரை மணி எடை முடிந்து சுமலதா வந்தபோது ஜீவா அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். சர்க்கரை டப்பா ஓரமாக இருந்தது. படிவம் நடுவில். அதன் பக்கத்தில் நீள நோட்டு.

அவள் கையைக் கழுவினாள். கொழுந்துக் கறை எவ்வளவு கழுவினாலும் போகாது. எழுதுகிறவள் கையிலும் ஒட்டும்.

“எப்பப் பாத்த?”

“குழாயடியில கொடத்தோட நின்னேன். ஊத்தறதும் பாத்தேன்.”

“பதினோரு மாசமா ஏன் கேக்கல?”

“கேட்டா இல்லம்பீங்க. பொய் சொன்னா அன்னிக்குப் பேரையே வெட்டணும். வெட்ட மனசு வரல. அதான் கேக்கல.”

படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினான். ஆகஸ்ட் தேதியை ஒற்றைக் கோட்டில் அடித்து, மேலே டிசம்பர் தேதி. மார்கழி. பதினாறாம் நாள்.

சுமலதா படித்தாள். ஈரக் கையோடு அங்கேயே உட்கார்ந்தாள்.

“வேலை போயிருமேங்க.”

“போகலாம்.”

“மறுபடி அதே ஏழாயிரமா?”

“அதுவும் எத்தன நாளைக்குன்னு தெரியாது.”

கட்டிலிலிருந்து தெய்வம்மாவின் குரல் வந்தது. காலையில் இருந்த கிராக்கி அதில் இல்லை.

“ஏன்டா, அந்தப் படையல் அன்னிக்கா?”

சுமலதா நீள நோட்டை மார்கழிப் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

“ஒரு வெரக்கடைதானே குடுத்தேன்.”

“பாட்டிலுல பாதிம்மா. பொறத்தாண்ட எடுத்துட்டுப் போனேன்.”

தெய்வம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூன்று எட்டு நடந்து அடுப்படி நிலையைப் பிடித்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேர் எழுதின நோட்டைப் பார்த்தால் மட்டும் புரியும். அந்த ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“உங்கப்பனுக்கு ஊத்திக் குடுத்த கையி. பழக்கத்துல உனக்கும் நீட்டிருச்சு. சுமலதா, இந்த அரைய எம்பேர்ல எழுதுடி.”

“அப்படி மாத்தி எழுதக் கூடாது அத்தை. அவரவர் எடை அவரவருக்கு.”

“எழுத மாட்டியா?”

“மாட்டேன். உக்காருங்க, டீ போடறேன்.”

டீ போட்டுவிட்டுத்தான் சுமலதா பேனாவை எடுத்தாள். டிசம்பர் தேதிக்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், கோணல் இல்லாத ஒரு கையெழுத்து. இத்தனை வருஷத்தில் அவனுக்காக அவள் போட்ட முதல் நிஜக் கையெழுத்து. போட்டதோடு விடவில்லை. கமிட்டிக்காரர்களுக்குப் புரியட்டும் என்று, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் தன் நோட்டு வழக்கப்படியே எழுத ஆரம்பித்தாள். பொடி எழுத்து, ஆனால் ஒவ்வோர் எண்ணும் தனித்தனியாக.

நேற்று வரை முழுப்பேர்: 1,552.

அரைப்பேர்: 1.

அதற்கப்புறம் விடாமல்: 335.

விதி கேட்பது: 730.

பாக்கி: 395.

“இன்னிக்கு?” என்றான் ஜீவா.

சுமலதா ஜன்னலைப் பார்த்தாள். மூடுபனியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள்.

“இன்னிக்கு எடை இன்னும் முடியலைங்க.”

இன்றைய கட்டம் காலி.